சோம்பல் கண்: பிள்ளையின் ஒரு கண் பின்தங்குவதைக் கண்டறிந்து மீட்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளில் போகும்போது வலது கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு வீடு வந்தவன், இடது கண்ணால் பார்த்தால் தெருவே கலங்கலாகத் தெரிகிறது என்றான். பூச்சி விழுந்து பார்வை போய்விட்டதென்று பதறி அழைத்து வந்தார்கள். பூச்சி விழுந்த கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கலங்கலாகத் தெரிந்தது பூச்சி விழாத கண். பால்வாடிக்குப் போன காலத்திலிருந்தே அந்தக் கண் அப்படித்தான் இருந்திருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்த பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியவில்லை. கண் பரிசோதனை அறையில் வேலை செய்யும் எவருக்கும் இது புதிய கதை அல்ல.

சோம்பல் கண், சோம்பேறிக் கண் என்று நாம் சொல்லும் இக்குறை நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் ஒரு கண் மட்டும் பார்வை குன்றுவதற்கு முதன்மையான காரணம் இதுதான். பெயர் கண்ணுக்கு இருந்தாலும் குறை மூளையில் இருக்கிறது. ஒரு கண் அனுப்பும் படம் தெளிவாகவும் மற்றதன் படம் மங்கலாகவும் வந்துகொண்டே இருந்தால், வளரும் மூளை மங்கலானதை ஒதுக்கிவிட்டுத் தெளிவானதையே வைத்துக்கொள்ளும். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைச் சில மாதம் தைத்து மூடி வைத்துப் பிறகு திறந்தபோது, கண் நன்றாக இருந்தும் மூளையில் அந்தக் கண்ணுக்கு வேலை செய்யும் செல்கள் மிகச் சிலவாகக் குறைந்திருந்ததைக் கண்டார்கள். வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது அந்தப் பாதிப்பு வரவில்லை. 1981-இல் நோபல் பரிசு பெற்ற அவர்களுடைய ஆராய்ச்சியின் ஒரு பகுதி இது. சோம்பல் கண் சிகிச்சை முழுவதும் வயதோடு ஓடும் ஓட்டமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே போகும்.

முதல் படி: யாரைச் சந்தேகிப்பது

மூன்று வழிகளில் இது வருகிறது. மாறுகண் உள்ள பிள்ளைக்கு விலகிய கண்ணை மூளை ஒதுக்குகிறது. இரண்டு கண்ணின் பவரும் வெகுவாக வேறுபட்டிருந்தால் பவர் அதிகமான கண் ஒதுக்கப்படுகிறது. பிறவிக் கண்புரை, கருவிழியில் விழுந்த பூ, பாவையை மறைக்கும் அளவுக்குத் தொங்கும் இமை ஆகியவை வெளிச்சத்தையே தடுத்துவிடுகின்றன. முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணுக்குப் படும். இரண்டாவது வகைக்கு வெளியே ஓர் அடையாளமும் கிடையாது. பிள்ளை ஓடி விளையாடும், படம் வரையும், தரையில் கிடக்கும் குண்டூசியையும் எடுத்துத் தரும்.

ஆகவே அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது இந்த நோய்க்குப் பொருந்தாத முறை. வீட்டில் யாருக்காவது மாறுகண்ணோ சிறு வயதிலேயே தடித்த கண்ணாடியோ இருந்தாலும், குறைமாதத்தில் பிறந்த பிள்ளையானாலும், தலையைச் சாய்த்தோ ஒரு கண்ணைச் சுருக்கியோ பார்க்கும் பழக்கம் இருந்தாலும் மூன்று வயதுக்கு முன்பே கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. காது குத்தவும் மொட்டை போடவும் நாள் பார்க்கிற நாம் இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. பிறந்து மூன்று நான்கு மாதம் வரை குழந்தையின் கண் அவ்வப்போது விலகி நேராவது இயல்பு; அதற்குப் பிறகும் விலகினால் அதிர்ஷ்டமும் இல்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்பதும் இல்லை. மூக்குத்தண்டு அகன்ற சில குழந்தைகளுக்கு மாறுகண் இருப்பதுபோல் வெறும் தோற்றம் மட்டும் இருக்கும். எது உண்மை, எது தோற்றம் என்பதை மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஒரே ஓர் அறிகுறிக்கு மட்டும் நாள் பார்க்கவே கூடாது. கண் பாவை வெள்ளையாகத் தெரிந்தாலோ, பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெண்மையாகவும் திரும்பத் திரும்ப விழுந்தாலோ அந்த வாரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால் பிறந்த ஆறு வாரத்தை ஒட்டி அறுவை சிகிச்சை செய்தால்தான் நல்ல பார்வை கிடைக்கும். புற்றுநோயானால் பார்வையை விடவும் உயிரே முதல் கவலை.

இரண்டாம் படி: வீட்டிலும் பள்ளியிலும் செய்யும் சோதனை

கைக்குழந்தைக்கு ஒரு எளிய வழி உண்டு. குழந்தை பொம்மையையோ தாயின் முகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைக்க வேண்டும். சற்றுப் பொறுத்து மற்ற கண்ணை மறைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் கவலை குறைவு. இடது கண்ணை மறைத்தால் சும்மா இருக்கும் குழந்தை, வலது கண்ணை மறைத்தவுடன் கையைத் தட்டிவிட்டுச் சிணுங்கினால், அதன் நல்ல கண்ணைத்தான் நாம் பிடுங்கிக்கொண்டோம் என்று பொருள். பேசத் தெரியாத குழந்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மூன்று வயதுக்கு மேல் சார்ட் வைத்துப் பார்க்கலாம். ஆங்கில ‘ஈ’ எழுத்தை நான்கு திசையிலும் திருப்பிப் போட்ட சார்ட்டே நம் பள்ளிகளில் பழக்கம். ஃபின்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் லெயா ஹூவாரினன் உருவாக்கிய வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் கொண்ட சார்ட் சிறு பிள்ளைகளுக்கு இன்னும் எளிது. பெயர் சொல்லத் தெரியாத பிள்ளை கையில் உள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். எந்தச் சார்ட்டானாலும் முந்தின நாளே பக்கத்தில் வைத்து விளையாட்டாகப் பழக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்வை தெரியாததா விளையாட்டு புரியாததா என்று பிரித்தறிய முடியாது.

சோதனை தவறிப்போவது பெரும்பாலும் கண்ணை மறைப்பதில்தான். “கண்ணை மூடிக்கோ” என்றால் பிள்ளை விரல்களால் மூடும். விரலிடுக்கு வழியே நல்ல கண் சார்ட்டைப் படித்துக்கொண்டிருக்கும். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று முதல் மூன்று வரிகளையும் பட்டுப்பட்டென்று சொல்லிவிட்டது. அம்மாவுக்கும் பெருமை. மறைப்பானை எடுத்துவிட்டுப் பஞ்சும் டேப்பும் வைத்து ஒட்டியபின் பார்த்தால், முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பி டேப்பின் ஓரத்தில் இடுக்குத் தேடுகிறது, இடுக்கு கிடைக்காமல் போனதும், “மாமா, படத்தை எங்க கொண்டு போனீங்க?” என்று கேட்டது. தலையைத் திருப்பும் பிள்ளை ஏமாற்றுவதில்லை. தெரியும் கண்ணைத் தேடுகிறது. ஆகவே மறைப்பது உள்ளங்கையாலோ டேப்பாலோ இருக்க வேண்டும், சோதிப்பவரின் கண் சார்ட்டில் அல்லாமல் பிள்ளையின் முகத்தில் இருக்க வேண்டும்.

சந்தேகமுள்ள கண்ணை முதலில் சோதியுங்கள். நல்ல கண்ணால் முதலில் படித்த பிள்ளை வரிகளை மனப்பாடம் செய்துவிடும். எழுத்தைத் தனித்தனியாகக் காட்டாமல் வரியாகவே காட்டுங்கள், ஏனென்றால் சோம்பல் கண்ணுக்குத் தனி எழுத்து தெரியும், நெருக்கமாக நின்றால் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மூன்று வயதில் 6/15 (இயல்பான கண் 15 மீட்டரிலிருந்து படிக்கும் வரியை 6 மீட்டரிலிருந்து படிப்பது), நான்கில் 6/12, ஐந்து வயதைத் தாண்டியபின் 6/9 அளவு வரிகளை ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே படிக்க வேண்டும். எண்ணைவிட முக்கியமானது வேறுபாடு. இரண்டு கண்ணுக்கும் இடையே இரண்டு வரி வித்தியாசம் இருந்தால், குறைந்த கண்ணும் ஓரளவு படிக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

அரசுத் தரப்பில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யகிரம் என்ற சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வருகிறது. அந்த நாளில் பிள்ளைக்கு லீவு போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் கண்ணொளி காப்போம் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்துக் கண்ணாடி கொடுப்பது. கிட்டப்பார்வைக்கு அது பெரிய உதவி. சோம்பல் கண்ணுக்கோ ஆறாம் வகுப்பு என்பது பந்தி முடிந்தபின் இலை போடுவது போன்றது. ஆகவே அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: மருத்துவமனையில் என்ன நடக்கும்

பிறந்த எடை, இன்குபேட்டரில் இருந்த நாட்கள், குடும்பத்தில் கண் குறை உள்ளவர்கள் ஆகிய விவரங்களோடு போங்கள். பிள்ளையின் பழைய படங்கள் கைப்பேசியில் இருந்தால் அவையும் பயன்படும். பார்வை அளந்தபின் டார்ச் வெளிச்சம் இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் பிரதிபலிக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து ஒரு கண்ணை மறைத்து மற்ற கண் அசைகிறதா என்று பார்ப்பார்கள். இவ்விரண்டும் மாறுகண்ணைக் காட்டிக்கொடுக்கும்.

பெற்றோர் பொறுமை இழப்பது சொட்டு மருந்தில். பிள்ளையின் விழிலென்ஸுக்குக் குவிக்கும் சக்தி மிக அதிகம். உள்ளே பெரிய தூரப்பார்வை இருந்தாலும் அந்தச் சக்தியால் மறைத்துவிடும். மருந்து போடாமல் கம்ப்யூட்டர் மிஷினில் பார்த்தால் இல்லாத மைனஸ் பவர்கூட வரும். ஆகவே சைக்ளோபென்டோலேட் சொட்டு விட்டு அரை மணிக்கு மேல் காத்திருந்தோ, சிறு பிள்ளையானால் வீட்டிலேயே சில நாள் அட்ரோபின் களிம்பு தடவிவரச் சொல்லியோ, அந்தச் சக்தியைத் தற்காலிகமாக நிறுத்திய பின்பே பவர் பார்க்க வேண்டும். மருந்து போடாமல் சிறு பிள்ளைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை ஏற்க வேண்டாம். அட்ரோபின் போட்டால் ஒன்றிரண்டு வாரம் வெயில் கூசும், புத்தகம் மங்கும். எனவே பரீட்சை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சொன்ன அளவுக்கு மேல் தடவக் கூடாது. முகம் சிவந்து உடம்பு காய்ந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். தடவிய கையைக் கழுவுங்கள், டியூபைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள்.

கடைசியாக, விரிந்த பாவை வழியே விழித்திரையையும் பார்ப்பார்கள். இந்தப் படியைத் தாண்டி யாரும் பேட்ச்சுக்கு, அதாவது நல்ல கண்ணை ஒட்டி மறைக்கும் சிகிச்சைக்கு, போகக் கூடாது. உள்ளே கட்டியோ வடுவோ இருக்கும் கண்ணைச் சோம்பல் கண் என்று நம்பி ஆறு மாதம் வீணாக்குவது மன்னிக்க முடியாத பிழை.

நான்காம் படி: முதலில் கண்ணாடி மட்டும்

பவரே காரணமானால் சிகிச்சையின் முதல் கட்டம் கண்ணாடிதான். தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் தவிர நாள் முழுதும் போட வேண்டும். பல பிள்ளைகளுக்குப் பேட்ச் இல்லாமலே வரிசை வரிசையாகப் பார்வை கூடும். சிலருக்கு முழுமையாகவே சரியாகிவிடும். இந்த முன்னேற்றம் மூன்று நான்கு மாதம் வரை தொடரும் என்பதால், அதுவரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பல மருத்துவர்கள் அடுத்ததைத் தொடங்குகிறார்கள்.

கண்ணாடி வாங்கிய முதல் நாள், “போட்டாலும் ஒண்ணும் தெரியலம்மா” என்று பிள்ளை சொல்லும். உண்மைதான். படம் இப்போதுதான் தெளிவாக மூளைக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. படிக்கப் பழக நாளாகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். பிரேம் மூக்கில் வழுக்காமல் உட்கார வேண்டும், லென்ஸ் உடைந்து சிதறாத பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும், ஓடும் பிள்ளைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை வேண்டும். இறங்கி வந்த கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்க்கும் பிள்ளை கண்ணாடி போடாத பிள்ளைதான்.

ஐந்தாம் படி: பேட்ச்

கண்ணாடியால் முன்னேற்றம் நின்றுபோனால் நல்ல கண்ணை மறைக்கும் நேரம் வருகிறது. நல்ல கண்ணை என்பதை அழுத்திச் சொல்கிறேன். தெரியாத கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து அதையே மறைத்து வந்த வீடுகள் உண்டு.

முன்பெல்லாம் நாள் முழுதும் மறைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்த குழந்தைக் கண் நோய் ஆய்வுக் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின் அந்த வழக்கம் மாறியது. நடுத்தரக் குறைக்குத் தினமும் இரண்டு மணி நேரம் மறைத்ததும் ஆறு மணி நேரம் மறைத்ததும் ஒரே அளவு பலன் தந்தன. கடுமையான குறைக்கு ஆறு மணி நேரம் மறைத்தது நாள் முழுதும் மறைத்ததற்கு ஈடாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, நல்ல கண்ணில் அட்ரோபின் விட்டு அதை மங்கச் செய்வதும் நடுத்தரக் குறைக்குப் பேட்ச் அளவுக்குப் பயன்படும் என்று அதே குழு காட்டியது. பேட்ச்சைப் பிய்த்தெறியும் பிள்ளைக்கு இந்த வழியை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பேட்ச்சைத் தோலில் நேராக ஒட்டி அதன்மேல் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியில் துணி மாட்டினால் ஓரம் வழியே பார்த்துவிடும். கழற்றும்போது ஓரத்தில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் வலிக்காமல் வரும். தோல் சிவந்தால் ஒட்டும் கோணத்தை மாற்றலாம். ஒரே நேரத்தை வழக்கமாக்குங்கள். பள்ளி விட்டு வந்து பால் குடித்ததும் பேட்ச் என்றால் ஒரு வாரத்தில் பிள்ளையே கொண்டுவந்து நீட்டும். “இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்” என்று தொடங்கினால் ஒவ்வொரு மாலையும் சண்டைதான்.

அந்த நேரத்தில் பிள்ளை கண்ணுக்கு வேலை கொடுப்பது நல்லது. அதற்குத் தனிச் சாதனம் வேண்டாம். அரிசியில் கல் பொறுக்கலாம், புள்ளி வைத்துச் சின்னக் கோலம் போடலாம், பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை எண்ணலாம், மணி கோக்கலாம். டிவியும் தவறில்லை. ஆனால் பேட்ச்சோடு தெருவுக்கும் மாடிப்படிக்கும் சைக்கிளுக்கும் விடாதீர்கள். முதல் வாரங்களில் பிள்ளை உண்மையிலேயே மங்கலாகத்தான் பார்க்கிறது.

தினசரி காலண்டர் தாளில் ஒட்டிய நேரத்தைக் குறித்து, மறுபரிசோதனைக்கு அதையே கொண்டுபோங்கள். ஒட்டாத நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் பலனில்லை என்று நினைத்து மருத்துவர் நேரத்தைக் கூட்டிவிடுவார். சொன்ன தேதியில் போவது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம்: அளவுக்கு மீறி மறைத்தால் நல்ல கண் பின்தங்கலாம். பார்வை சமமானதும் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஏனென்றால் நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு பிள்ளைக்கு மீண்டும் குறைகிறது.

மாறுகண் அறுவை சிகிச்சை கண்ணை நேராக்கும், சோம்பலைப் போக்காது. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையைப் பார்த்து இனி பயனில்லை என்று கைவிரிப்பதும் தவறு. 7 முதல் 12 வயதினரில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கண்ணாடியும் பேட்ச்சும் அட்ரோபினும் சேர்ந்து முன்னேற்றம் தந்ததை 2005-இல் அதே குழு காட்டியது. பதின்மூன்றுக்கு மேல் வாய்ப்புக் குறைவு, இல்லாமல் இல்லை.

ஆறாம் படி: விளங்க வைத்தல்

சிகிச்சை தோற்பது மருத்துவமனையில் அல்ல, வீட்டுத் திண்ணையில். “நல்லா இருக்கிற கண்ணையா மூடச் சொல்றாங்க?” என்று பாட்டி கேட்கும் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லாவிட்டால் அன்றோடு பேட்ச் நின்றுவிடும். நான் பாட்டியையும் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பேன். “ஏம்மா, ஆடு ரெண்டு குட்டி போட்டா கொழுத்த குட்டி முட்டி முட்டி எல்லாப் பாலையும் குடிச்சிடுதில்ல? அப்போ என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன் ஒரு நாள். “அதைக் குடாப்புல கவுத்துப் போட்டுட்டு நோஞ்சானை விடுவோம்” என்றார். சொல்லி முடிக்கும்போதே பேரனைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை காலண்டர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

சொல்லிக் கொடுப்பவர் தாமே பேச்சை முடித்துவிடாமல், அம்மாவையோ அப்பாவையோ அங்கேயே ஒருமுறை ஒட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். எந்தக் கண், எத்தனை மணி, கண்ணாடி மேலேயா கீழேயா என்பதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களே என்ற பேச்சு அறையில் வராவிட்டாலும் மனத்தில் இருக்கும். அதை நாமே எடுத்துப் பேசிவிடுவது நல்லது: இப்போது போடும் கண்ணாடி பார்வையை மீட்கும், போடாத கண்ணாடியை இருபது வயதில் போட்டாலும் மீட்காது.

ஆசிரியரிடம் முன் பெஞ்சு கேட்பது மட்டும் உதவியாகாது. பள்ளியில் பேட்ச் போட வேண்டியிருந்தால் வகுப்புக்கே அதைப் பாடமாக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேனா மூடியை மாட்டிப் பார்க்கட்டும். இரண்டு நிமிடத்தில் சிரிப்பு அடங்கும். “சோடாபுட்டி”, “ஒத்தக்கண்ணு” என்ற பெயர்கள் குறையும். சில சமயம், “டீச்சர், எனக்கு இந்தக் கண்ணுல போர்டு தெரியல” என்று இன்னொரு பிள்ளை எழுந்து நிற்கும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் ஒரு கண்ணில் பார்வை முழுதாக வராத பிள்ளைகள் உண்டு. அவர்கள் படிக்கலாம், விளையாடலாம், ஏறத்தாழ எல்லா வேலைக்கும் போகலாம். ஆனால் அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல கண் என்பதால் அதற்குக் காவல் வேண்டும். பவரே தேவையில்லாவிட்டாலும் பகல் முழுதும் பாலிகார்பனேட் லென்ஸ் கண்ணாடி போடட்டும். கிட்டிப்புல்லுக்கும் வில் அம்புக்கும் தடை, தீபாவளிக்குப் புஸ்வாணத்தைக்கூடத் தள்ளி நின்று பார்க்கட்டும், ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள காம்பஸின் முனைக்கு ஒரு ரப்பர் துண்டைச் செருகிவையுங்கள்.